கட்டிலுக்கடியில் இருந்த டின்

இன்று காலை புது கேஸ் தோம்பு கொண்டுவந்து அடுப்பில் மாட்டிய ஆள், குழாய் பக்கம் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தான். "ஒண்ணுமில்லக்கா, கொஞ்சம் வாடை வரும், அப்புறம் போயிடும் லா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போய் ஒரு மணி நேரமாகிறது, வாடை போகவில்லை. உலை வைக்காமல் பின்வாசல் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ இருந்திருந்தால், "தீக்குச்சியைக் கண்டாலே ஒனக்கு வேர்க்குதே, எப்படிப் புள்ள குடும்பம் நடத்துற?" என்று கேட்டுச் சிரித்திருப்பாய். நீ கண்ணை மூடி இன்றோடு இருபது நாள்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததற்கு முந்தைய வருஷத்தை நினைத்துக்கொண்டேன். காஜா பேராங்கில் நம் வரிசையில் ஒன்பது பலகை வீடுகள், ஒன்பதுக்கும் அத்தாப்புக் கூரை. ஒரு கூரையின் ஓலை அடுத்த கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். விறகடுப்பை இடித்துவிட்டு எல்லாரும் பெருமையாக மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு மாறியிருந்த நேரம். துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வந்தது, எண்ணெய் வருவது நின்றது. கடைக்காரர் காலிப் பீப்பாயைத் தட்டிக் காட்டினார். "வெள்ளைக்காரன் போறான், எண்ணெயையும் கையோட எடுத்துட்டுப் போறான்" என்று ஆளாளுக்குக் கிளப்பிவிட்டார்கள். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்று வளர்ந்தவள் நான். அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்த நீ மட்டும் கிணற்றடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நாடு நம்ம கைக்கு வருதுங்கிறாங்க, அடுப்பு மட்டும் கப்பல்ல வரணுமா?" என்று கேட்டாய். மறுநாளே ஆற்றோரத்து மர ஆலைக்குப் போய், அவர்கள் குப்பையாகக் கொட்டிக்கொண்டிருந்த மரத்தூளைச் சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாய். பிஸ்கட் டின்னின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைப் போட்டு உலக்கையால் இடித்தாய். பாட்டிலை மெதுவாக உருவினால் நடுவே புகைக்கூண்டு மாதிரி ஒரு துவாரம். அடியில் பற்றவைத்தால் ஒரு டின் தூளிலேயே சோறும் குழம்பும் ஆகிவிடும். "நல்லா இடிக்கணும். தூள் சரிஞ்சா தீ சும்மா இருக்காது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாய். என்னிடம் இரண்டு தடவை சொன்னாய்.

பிறகு ஒன்பது வீட்டுக்கும் ஒரே சமையல் என்று முடிவானது. முறை வைத்துச் சமைத்தோம். வாய்க்காலோரம் கீரை போட்டோம். வீட்டில் மிச்சமிருந்த மண்ணெண்ணெயை விளக்குக்கு மட்டும் என்று கிணற்றடிப் பீப்பாயில் ஊற்றச் சொன்னாய். ஓலைக்கடியில் யாரும் எண்ணெய் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது உன் கட்டளை. பீப்பாய்ச் சாவி உன் முந்தானையில் தொங்கியது. நானும் ஒரு டின்னைக் கொண்டுவந்து எல்லார் கண் முன்னாலும் ஊற்றினேன். என்னிடம் இருந்தது இரண்டு டின். மற்றதை, என் மகன் தூங்கும் கட்டிலுக்கடியில், பழைய சாக்கைப் போட்டு மூடி வைத்தேன். நாளைக்கு எதுவுமே கிடைக்காமல் போனால் என் பிள்ளைக்குக் கஞ்சியாவது காய்ச்சலாம் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய புத்திசாலி பார்!

என் முறை வந்த அன்று மத்தியானம், பயத்தில் அவசர அவசரமாகத் தூளை இடித்தேன். பாட்டிலை உருவும்போது உள்ளே சரிந்தது தெரிந்தது. மறுபடி இடிக்காமல் பற்றவைத்தேன். புகைந்துகொண்டே இருந்தது திடீரென்று குப்பென்று எழும்பி, என் வீட்டு ஓலை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுச் செட்டி அம்மா, தலைமுறைகளாய் மலாய் மட்டுமே பேசும் குடும்பத்தவர், தீ என்பதை "அப்பி! அப்பி!" என்று மலாயில் கத்திக்கொண்டு வாளியோடு ஓடிவந்தார். என் கால் நகரவில்லை. உள்ளே பிள்ளை தூங்குகிறான், எனக்குக் கால் நகரவில்லை! நீதான் உள்ளே போய் அவனைத் தூக்கிவந்து என் கையில் திணித்தாய். அப்போதுதான் உன் காதோரம் சொன்னேன்: "கட்டிலுக்கடியில டின்னு இருக்கு."

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். மறுபடி உள்ளே போனாய். கூரையிலிருந்து எரிகிற ஓலை விழ விழ, டின்னை அணைத்துக்கொண்டு வெளியே வந்தாய். உன் இடது முழங்கை வெந்திருந்தது. தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தார்கள். என் கூரையில் பாதி போனது. மற்ற எட்டும் தப்பின. அதன் பிறகுதான் எல்லார் கண்ணும் டின்னுக்குப் போனது.

"யாரு எண்ணெ இது?" என்று கோடி வீட்டுக்காரர் கேட்டார். நான் பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"என்னுதுதான். நான்தான் இவ வீட்டுல வெச்சேன்" என்றாய்.

சாவி வைத்திருப்பவள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? பொதுப் பீப்பாயிலிருந்து நீ எடுத்துவிட்டாய் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டார்கள். எண்ணெய் திரும்ப வந்த பிறகும் நம் வரிசையில் மரத்தூள் அடுப்பு எரிந்தது, கீரைப் பாத்தி செழித்தது, முறைச் சமையல் நடந்தது. எல்லாம் நீ தொடங்கியவை. ஆனால் எதிலும் உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உன் புண்ணுக்கு மருந்து போட்டபோது ஏன் அப்படிச் சொன்னாய் என்று அழுதேன். "ஒன் பேரு போனா நீ தாங்க மாட்ட. நான் தாங்குவேன், போ" என்றாய். நானும் போய்விட்டேன். அதுதான் நான் செய்தது.

பதினாறாம் நாள் காரியத்தில் கோடி வீட்டுக்காரரின் மகள் சொன்னாள்: "நல்ல மனுஷிதான், அந்த எண்ணெ விஷயம் மட்டும் இல்லைன்னா..." உன் மகள் கேட்டுவிட்டாள். என்னைத் தனியாக அழைத்துப்போய், "பெரியம்மா, அம்மா நிஜமாவே எடுத்தாங்களா? நீங்கதானே கூட இருந்தீங்க?" என்று கேட்டாள். "பழைய கதை எதுக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அவள் முகம் விழுந்துபோனதைப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

உன் மகள் செமாபோக்கில் இருக்கிறாள். பதினொரு மணிக்கு பஸ். இதை அவள் கையில் கொடுத்து, படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன். படித்துவிட்டு அவள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். எழுந்து போக மாட்டேன்.