தாழ்ப்பாளுக்கு வந்த பாராட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

இணையக் கவிதைத் தளத்தில் இன்றைய தலைப்பு 'விடியல்'. வாத்தியார் காலை ஏழு மணிக்குத் தலைப்பு போடுவார். உடனே எழுதிப் போட்டால்தான் நாலு பேர் கண்ணில் படும், தாமதித்தால் கூட்டத்தில் காணாமல் போய்விடும். 'இருளின் இமை திறக்க ஒளியின் விரல் வேண்டும்' என்று ஆரம்பித்தேன். எனக்கே பிடித்திருந்தது. வரிசையாக அருமை, அருமை, மிக அருமை. நிலாத்தோழி மட்டும் 'அருமையோ அருமை' என்றாள். அவள் கவிதைக்கு நேற்று நான் அப்படித்தான் போட்டிருந்தேன். வாங்கின கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பிறகு கஷாயம் வந்தார். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது, படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூடிய குடை. கஷாயம் என்பது நான் வைத்த பெயர். வழக்கம்போல ஒரே வரி: 'இதில் கவிதை இல்லை.'

இரண்டு வருடமாக இதே வரி. வேறு யாருக்கும் எழுதுவதில்லை, எனக்கு மட்டும்தான். அந்த மனுஷனுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?

மார்ச் 5, புதன்

வாத்தியார் 'விடியல்' பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பார்க்கவில்லையா, பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாரா? இதில் எது தேவலை?

மார்ச் 7, வெள்ளி

தொகுப்பு அறிவிப்பு வந்துவிட்டது. வாத்தியார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தளத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். வருடத்துக்கு ஒரு முறை நல்ல கவிதைகளைப் பொறுக்கிப் புத்தகமாக அச்சிடுகிறார். போன வருடம் என்னுடையது இல்லை. அதற்கு முந்தின வருடமும் இல்லை. இந்த முறை பன்னிரண்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்று கூடவா தேறாது?

பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து, 'டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவாங்க' என்று பகல் முழுக்கச் சொல்கிறவளுக்கு, அச்சில் ஒரு பக்கம் வேண்டும் என்று ஆசை இருக்கக் கூடாதா? பெயர் மேலே, கவிதை கீழே. அவ்வளவுதான். நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை.

வீட்டுக்காரர் போனில், "நானே ஒரு புக்கு போட்டுத் தரேன், விடேன்" என்றார். அவருக்குப் புரியாது. நாமே போட்டுக்கொள்வது வேறு, ஒருத்தர் நம்மைப் பொறுக்கி எடுப்பது வேறு. மருந்துக் கம்பெனி வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர். அவரையும் தளத்தில் சேர்த்துவிட்டிருக்கிறேன். அவர் கடமை ஒன்றுதான்: நான் எது போட்டாலும் கட்டைவிரலைத் தூக்குவது. படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மார்ச் 10, திங்கள்

எங்கள் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாக நிற்கிற பெண்ணுக்கு 'விடியல்' காட்டினேன். அவளை நான் வாயாடி என்றுதான் கூப்பிடுவேன், கோபித்துக்கொள்ள மாட்டாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே படித்தாள்.

"நல்லாத்தான்க்கா இருக்கு. ஆனா என்ன நடந்துச்சுன்னே தெரியலையே."

"கவிதைன்னா அப்படித்தான்டி."

"அப்படியா? அப்பச் சரி" என்று உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று எனக்கு விடுப்பு. பத்து மணிக்கு நிதானமாகக் குளிக்கப் போகும்போதும், பழக்கத்தில், ஹாஸ்டலில் படிக்கிற மகளுடைய பழைய டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். (வெளியே சொல்லாதே. ஏழு மணித் தலைப்பைத் தவறவிடக் கூடாது என்று தினமும் கொண்டுபோய் ஜன்னல் திட்டில் வைத்துவிடுவேன்.) குளித்து முடித்துத் தாழ்ப்பாளை இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. தண்டு மட்டும் உள்ளேயே நின்றுகொண்டது.

உடுத்த வேண்டியதெல்லாம் வெளியே கட்டிலில். போனும் அங்கேதான், சார்ஜில். காற்றுப்போக்கிக்கு வாயை வைத்துக் கத்தினேன். அந்தப் பக்கம் வெறும் சுவர். மேல்வீடும் பக்கத்து வீடும் வேலைக்குப் போய்விட்ட நேரம். கதவை இடித்தேன், தோள்தான் வலித்தது. அழுகை வந்தது. வீட்டுக்காரர் வர இன்னும் நாலு நாள் — நாலு நாள்! குடிக்கத் தண்ணீர் இருக்கிறது, சரி. சாப்பாடு? சர்க்கரை மாத்திரை?

டேப்லெட்டில் பேச முடியாது. அதில் இருப்பதெல்லாம் தளம் ஒன்றுதான். சரி, அவ்வளவு பேர் இருக்கிறார்களே, அதில் போட்டால் ஒருத்தராவது பார்ப்பார் என்று அடித்தேன்:

குளியலறைத் தாழ்ப்பாள்
உடைந்துவிட்டது.
உள்ளே இருக்கிறேன்.
கத்தினேன், யாருக்கும் கேட்கவில்லை.
யாராவது வாருங்கள்.

ஏன் அப்படி மடக்கி மடக்கி அடித்தேன் என்று கேட்டால் என்ன சொல்ல? இரண்டு வருடப் பழக்கம். நாலு வார்த்தை ஆனதும் விரல் தானாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

முதல் பதில் உடனே வந்தது. வீட்டுக்காரர். உயிர் வந்தது எனக்கு. திறந்து பார்த்தால் — கட்டைவிரல்.

அடுத்து நிலாத்தோழி: 'யாராவது வாருங்கள்! அந்த வரியில் உடைந்துவிட்டேன் தோழி.' பிறகு வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர்: 'தாழ்ப்பாள் என்பது இந்தச் சமூகம்தானே?' இன்னொருவர், இல்லை, அது திருமணம் என்றார். இரண்டு பேரும் அங்கேயே வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். நான் பதறிப்போய் இரண்டாவதாக ஒன்று போட்டேன்:

இது கவிதை இல்லை.
உண்மையாகவே
மாட்டிக்கொண்டேன்.

அவ்வளவுதான், கரகோஷம். 'தன்னையே மறுக்கும் கவிதை!' 'இதுவரை யாரும் தொடாத உத்தி!' 'முதல் பாகத்தை விட இது ஒரு படி மேல்!' அடப் பாவிகளா.

அப்போதுதான் வாத்தியார் வந்தார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக, என் பதிவுக்கு. 'இந்தக் குரலுக்காகத்தான் காத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துத் தொகுப்பின் முதல் பக்கத்தில் வைக்கிறேன்.'

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஈரத் துண்டோடு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டு, உள்ளே பூட்டிக் கிடக்கிறவள், 'மிக்க நன்றி ஐயா' என்று பதில் போட்டேன். அவருக்கு மட்டும் போட்டால் மற்றவர்கள் வருத்தப்படுவார்களே என்று நிலாத்தோழிக்கும் நன்றி, வங்கிக்காரருக்கும் நன்றி. சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கிறது, நான் வரிசையாக நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு மறை கழன்றுவிட்டதா?

கடைசியில் அந்தக் குடை. 'இதில் கவிதை இல்லை.' பல்லைக் கடித்தேன். இன்றைக்குமா! கீழே இன்னொரு வரி இருந்தது, அதுவரை அவர் இரண்டாவது வரி எழுதி நான் பார்த்ததே இல்லை. 'யாருக்குப் போன் செய்ய வேண்டும்? நம்பர் கொடுங்கள்.'

எல்லாரும் அவர் மேல் பாய்ந்தார்கள். பொறாமை பிடித்தவர், ரசனை இல்லாதவர், ஒரு பெண் எழுதினால் பொறுக்காதவர். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. மறுபடியும் 'நம்பர்' என்று மட்டும் எழுதினார்.

எனக்கு ஒரு நம்பரும் ஞாபகம் வரவில்லை. கட்டினவர் நம்பர்கூட. எல்லாம் போனுக்குள்தானே இருக்கிறது. மனப்பாடமாகத் தெரிந்தது கிளினிக் நம்பர் ஒன்றுதான். நான் அங்கே ரிசப்ஷன் என்று சேர்த்து அதைப் போட்டேன். அதற்கும் ஒருவர் 'எண்களையும் கவிதையாக்கிய துணிச்சல்' என்று எழுதினார். அத்தோடு டேப்லெட் அணைந்துவிட்டது.

அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் கூப்பிட்டாரா, கிளினிக்கில் நம்பினார்களா, ஒன்றும் தெரியவில்லை. பயமாக இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது.

வாசல் பூட்டு திறக்கிற சத்தம். வீட்டு மாற்றுச்சாவி கிளினிக்கில் என் மேஜை டிராயரில் இருப்பது வாயாடிக்குத் தெரியும். வாட்ச்மேனிடம் இரும்புக் கம்பி வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்திருக்கிறாள்.

"யாரோ ஒரு ஆள் போன் போட்டு, 'உங்க ரிசப்ஷன் அம்மா பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாங்க, சீக்கிரம் போங்க'ன்னு கத்தறாரு. டாக்டர் யாரோ விளையாடறாங்கன்னு சொன்னாங்க. நான்தான் எதுக்கும் பாப்போம்னு வந்தேன்" என்றாள்.

கதவு போய்விட்டது. நான் இருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

வீட்டுக்காரரிடம் சண்டை. "நீ போடறதெல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, நான் எதைன்னு கண்டேன்?" என்கிறார். கேட்டதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்த பிறகு யோசித்தால், அவர் சொன்னதிலும் தப்பில்லை.

மார்ச் 14, வெள்ளி

கஷாயத்துக்கு உள்பெட்டியில் நன்றி சொல்லி என் நம்பர் கொடுத்தேன். அவரே கூப்பிட்டார். சாதாரணக் குரல். துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாராம். கவிதை எழுதுவது கிடையாது, படிப்பதோடு சரி.

நன்றி சொல்ல ஆரம்பித்தவள், எப்படியோ சண்டையில் போய் நின்றேன். "எல்லாரையும் விட்டுட்டு எனக்கு மட்டும் ஏன் சார் அப்படி எழுதறீங்க?"

கணக்குப் புத்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது. "மத்தவங்களோடது ரெண்டு வரிக்கு மேல ஓட மாட்டேங்குதும்மா. உங்களோடது மட்டும்தான் கடைசி வரைக்கும் படிக்கிறேன். இதுல வந்துடும், இதுல வந்துடும்னு பாக்கறேன். வரலை. அதான் எழுதறேன்."

திட்டா, பாராட்டா? அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றிருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

'தாழ்ப்பாள்: ஒரு வாசிப்பு' என்று இணையக் கூட்டம். வாத்தியார் தலைமை. நானும் முகம் காட்ட வேண்டியதாகிவிட்டது. கதவு வேலைக்கு ஆசாரி வருவதாகச் சொன்னது நேற்று. வந்தது இன்று, அந்த நேரத்தில்.

வாத்தியார், "கவிஞர் இந்தத் தாழ்ப்பாளை எங்கே கண்டெடுத்தார்?" என்று கேட்டார். என் குளியலறையில், ஐயா, நிஜமாகவே உடைந்தது என்றேன். எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள். "வாழ்ந்து எழுதியிருக்கிறார்!" என்றார் வங்கிக்காரர். பின்னால் இருந்து ஆசாரி, "யம்மா, இது துருப்பிடிச்சுப் போச்சு, தூக்கிக் கடாசுங்க. இனிமே தாழ்ப்பாளே வேணாம், கொண்டி போட்டுக்கலாம்" என்று கத்தினார். கூட்டத்தில் கைதட்டல். நிலாத்தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மார்ச் 20, வியாழன்

வாத்தியாருக்கு எழுதினேன்: ஐயா, அதற்குப் பதிலாக என் 'விடியல்' போடலாமே, உட்கார்ந்து யோசித்து எழுதினது அதுதான். பதில் வந்தது: 'தன் படைப்பில் சிறந்தது எது என்று படைத்தவருக்குத் தெரியாது. ஒப்புதல் மட்டும் அனுப்புங்கள்.'

வேண்டாம் என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். உதவி கேட்டு எழுதினதைப் போய்க் கவிதை என்று பெயர் போட்டுக்கொள்வதா? ஆனால் முதல் பக்கம். முதல் பக்கம்டி!

சம்மதம் என்று அனுப்பிவிட்டேன். ஆசை யாரை விட்டது.

ஏப்ரல் 2, புதன்

இன்றைய தலைப்பு 'நதி'. எழுதவில்லை. நதியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

ஜூன் 14, சனி

புத்தகம் வந்தது. வழவழவென்று அட்டை. முதல் பக்கம், பெயர் மேலே, கவிதை கீழே. எத்தனை நாள் ஆசை. தடவிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு ரேஷன் கார்டில் என் பெயர் இருப்பதுபோல இருந்தது.

கிளினிக்குக்கு எடுத்துப்போனேன். வாயாடி கை துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்தாள்.

"இது அன்னைக்கு நடந்ததுதானேக்கா?"

"ஆமா."

"அப்ப நான் வந்தது எங்க?" பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் நிலாத்தோழியின் நிலாக் கவிதை. "யாராவது வாருங்கள்னு நிக்குது. வந்தேனே! ஆட்டோ புடிச்சு, கம்பியத் தூக்கிக்கிட்டு வந்தேனே. அத ஏன் போடல?"

புத்தகத்தை வாங்கி டிராயரில் வைத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

மதியம் கூட்டம் இல்லை. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். டோக்கன் சீட்டின் பின்புறம் எழுதினேன். அலங்காரம் ஒன்றும் வைக்கவில்லை, வைக்கவும் வரவில்லை.

பூட்டைத் திறந்து உள்ளே வந்தாள்
இரும்புக் கம்பியால் நெம்பினாள்
கதவு விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்
துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்ள எனக்கு நேரம் கொடுத்து
பிறகுதான் திட்ட ஆரம்பித்தாள்

தளத்தில் போடவில்லை. போட்டால் அருமை என்பார்கள். துணிக்கடைக் கணக்குக்காரருக்கு மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது. எழுதுகிறார் என்று காட்டியது. நின்றுவிட்டது. மறுபடி எழுதுகிறார். போனைக் கவிழ்த்து வைத்தேன், நிமிர்த்தினேன், கவிழ்த்தேன். பல் பிடுங்க உட்கார்ந்திருக்கிறவர்களெல்லாம் இப்படித்தான் இருப்பார்களோ என்னவோ.

பதில் வந்தது. 'மூணாவது வரி பரவாயில்லை.'

இரண்டு தரம் படித்தேன். எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை, எழுந்து மறுபடி உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் கன்னம் வீங்கி ஒருவர் காத்திருந்தார். அவ்வளவு வலியிலும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஏதாவது நல்ல சேதியா?" என்றார்.

"ஆமாங்க. பரவாயில்லையாம்" என்றேன்.