இதயப் படத்தின் வலப்பக்கம்

ஆவடி குவார்ட்டர்ஸில் பால்காரி எதிரே நின்று வலது கையால் செம்பை நீட்டியபோதுதான் அப்பாவு அந்தக் கையைக் கவனித்தான். அவளுடைய வலது கை அவனுக்கு இடப்பக்கம் இருந்தது. அடப்பாவி, புத்தகத்து இதயப் படமும் எதிரே நிற்கிற ஆளுடையதுதானே!

தொழிற்சாலையில் இயந்திர வரைபடம் பார்த்துப் பழகிய அவனுக்குத் தாளில் வலது என்றால் வலதுதான். நேற்று மகள் சொர்ணத்தின் நோட்டில் இதயப் படத்தின் வலது, இடது எல்லாவற்றையும் அடித்து மாற்றி, பத்துத் தடவை எழுத வைத்தான். மறுத்துப் பேசியவளுக்கு ஓர் அறையும் விழுந்தது. தாயும் மகளும் பட்டாபிராமில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இன்றைக்கு எஸ்.எஸ்.எல்.சி. விஞ்ஞானப் பரீட்சை. ஹால் டிக்கெட் எடுக்க எட்டு மணிக்கு வருவாள். அவனுக்கோ ஆறு மணி ஷிப்ட்; சங்கு ஊதிவிட்டது. காலண்டர் தாளைக் கிழித்து எழுதினான்.

“சொர்ணா, நான் சொல்லிக் குடுத்ததை மறந்துடு. நீ சொன்னதுதான் சரி. கெட்ட ரத்தம் வந்து சேர்றது வலது ஆரிக்கிள். படத்துல அது நம்ம இடது கைப் பக்கம் கீது. ஹால் டிக்கெட் சாமி படத்துக்குப் பின்னால கீது. உப்புமா கிண்டி வெச்சிகீறேன், அடிபுடிச்சிருந்தாலும் துன்னுட்டுப் போ.”

கதவைப் பூட்டப் போனவன் திரும்பி வந்து ஓரத்தில் நுணுக்கி எழுதினான்: “பத்து தபா எழுதினது கைல தானா வந்துடப் போவுது, உஷாரு.”

சங்கு மறுபடி ஊதியது. இடமே இல்லாத அடியில் இன்னொரு வரி:

“என் வலது கை உன் இடது கன்னத்துல பட்டப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்மா.”