உன் காது திறந்த காலை

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன், மச்சான். பெற்றோல் இல்லாமல் போகும் என்றேன், போனது. கரண்ட் நிற்கும் என்றேன், நின்றது. உன் மகளுக்கும் உன்னைப் போலவே காது அடைக்கும் என்றேன். மூன்று நாளாக அவளுக்கு இரண்டு காதும் அடைத்துக் கிடக்கிறது. இன்று காலை என் தங்கச்சி, உன் மனிசி, உள்ளிப்பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சினாள். அந்த மணம் முற்றத்துக்கு வந்ததும் உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்பு நீ கிணற்றடியில் முழுகிவிட்டு வந்த அன்று உனக்கும் இப்படித்தான் அடைத்தது. கோழியிறகால் குடைந்து அழுக்கை இன்னும் உள்ளே தள்ளிவிட்டாய். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிச் சைக்கிளை எடுத்தாய். மறித்தது நான்தான்.

"உந்தக் காதுக்கு ஆஸ்பத்திரியோ? சண்டிலிப்பாயிலை அரைவாசிக் காது நான் திறந்தது," என்று கத்தினேன்.

"நீ திறந்தது உன்ரை வாய் மட்டுந்தான்," என்றாய். ஆனாலும் பாயில் சரிந்து படுத்தாய்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். காது விஷயத்தில் டொக்டர்மாரே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எண்ணெயை இளஞ்சூட்டில் ஊற்றினேன். நொச்சியிலை அவித்து அந்த ஆவியில் வேது பிடிக்க வைத்தேன். மூக்கைப் பொத்தி ஊதச் சொன்னேன், கொட்டாவி விடச் சொன்னேன். எல்லாம் செய்தாய்.

"கிணத்துக்குள்ளை இருக்கிற மாதிரிக் கிடக்கு மச்சான். ஹெலி சுட வந்தா எனக்கு ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுவன்," என்றேன்.

நாலாம் நாள் காலை, "திறந்திட்டுது," என்று சிரித்துக்கொண்டு புகையிலைத் தோட்டத்துக்குப் போனாய். ஹெலியின் சத்தம் எங்கள் எல்லோருக்கும் முதல் உனக்குத்தான் கேட்டது. வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்கு, எங்கள் பங்கருக்கு, ஓடி வந்திருக்கலாம். வேலியில் கட்டியிருந்த கன்றை அவிழ்க்கப் போனாய். இதை உன் செத்த வீட்டில் சொன்னேன், எட்டாம் நாள் சடங்கில் சொன்னேன், அந்தியேட்டியிலும் சொன்னேன். சொல்லச் சொல்லக் கன்று வளர்ந்தது.

இன்று, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம் என்றேன்.

"ஏன் அண்ணை? அவருக்கு உங்கடை எண்ணெயிலைதானே திறந்தது. இவளுக்கும் திறக்கும்," என்றாள் தங்கச்சி.

அப்போது தூரத்தில் ஹெலி கேட்டது. உன் மகள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றாள். திரும்பவில்லை. ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் விழுந்தேன். அது வேறு பக்கம் போனதும் அவளைச் சைக்கிளில் ஏற்றினேன்.

"என்ரை பிள்ளையை எங்கை கொண்டு போறியள்? எண்ணெய் கிடக்கல்லோ?" என்று தங்கச்சி தெருப்படலை வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தாள். நான் வாய் திறக்கவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசி.

ஆஸ்பத்திரி மர வாங்கிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளையை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போனதும் தங்கச்சிக்குச் சொல்ல வேண்டியதை முதலில் உனக்குச் சொல்லுகிறேன். அன்று ஹெலி வந்தபோது பங்கர் வாசலில் நின்று உன்னைக் கூப்பிட்டேன், மச்சான். நீ குனிந்தபடி புகையிலைக் கன்றுகளில் பக்கக் குருத்து முறித்துக்கொண்டிருந்தாய். ஓடி வந்து உன் தோளைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. அந்த வேலியில் கன்று எதுவும் கட்டியிருக்கவில்லை. உன் காது திறக்கவும் இல்லை.