பாஸ்டர் தோட்டம் மட்டும் பச்சை

பிப்ரவரி 3

நான் எழுத்துக் கூட்டத் தொடங்கியபோது மகன் சிரித்தான். "இந்த வயசுல படிச்சு ஆபீசர் ஆகப் போறீங்களாப்பா?" ஆகவில்லை. ஆனால் இதோ, நானே எழுதுகிறேன்! ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆறட்டும். எங்கள் சபைப் பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா, சொல்லிக் கொடுத்த எழுத்து. 'ழ' மட்டும் இன்னும் கைக்கு அகப்படாத கோழி.

பிப்ரவரி 8, ஞாயிறு

விதை ஆராதனை. அவரவர் எடுத்து வைத்திருந்த விதை உருளைக்கிழங்கைச் சபையில் ஒரே குவியலாகக் கொட்டினோம். இந்தப் பாஸ்டர் வந்த பிறகு உண்டான வழக்கம் இது. விதை இல்லாத வீட்டுக்கும் பங்கு போகும். முளைக்கண் பார்த்து ஒவ்வொரு கிழங்கையும் அவரே வெட்டுவார். அதற்கென்று ஒரு கத்தி. "நாம ஒரே குடும்பம், கத்தியும் ஒண்ணுதான்" என்பார்.

பக்கத்தில் நின்று துண்டுகளைக் கூடையில் போட்டது நான். ஒரு கிழங்குக்குள் பழுப்பு வளையம். கத்தியில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. காட்டினேன்.

"யாரோ ஆசையாக் கொண்டுவந்தது தாத்தா. காணிக்கையை மூஞ்சில அடிச்ச மாதிரி ஒதுக்கலாமா? கெட்டதை மட்டும் எடுத்துருவோம்" என்றார். கத்தியைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

எல்லாரும் வாங்கிப் போன பிறகு, வெட்டவும் தேறாத குட்டிக் கிழங்குகள்தான் மிஞ்சின. அவற்றை அப்படியே தன் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 27

எல்லா வயலிலும் முளைத்துவிட்டது. ஸ்தோத்திரம். இன்று 'ழை' சரியாக வந்தது. மழை. மழை. மழை. வானத்தில்தான் காணோம்.

மார்ச் 18

நடு மதியத்தில் எங்கள் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. மண்ணைக் கிளறினேன், ஈரம் இருக்கிறது. சாயங்காலம் எழுந்து நின்றுவிட்டன. வெயிலாக இருக்கும்.

மார்ச் 21

இன்று சாயங்காலம் எழவில்லை.

மார்ச் 23

எங்கள் வயல் மட்டும் இல்லை. தையல்காரர் வயல், பால்காரி வயல், ஆற்றோரம் முழுக்க அப்படித்தான். பாஸ்டர் தோட்டம் மட்டும் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நமக்கு ஒரு ஜெபம், சொந்தத் தோட்டத்துக்கு வேற ஜெபம் போல" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். அது சிரிப்பு மாதிரி இல்லை.

மார்ச் 26

பாஸ்டர் அழைத்து விவசாய ஆபீசர் வந்தார். எங்கள் வயலில் ஒரு தண்டை அறுத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் தண்டிலிருந்து பால் நூல் மாதிரி ஒன்று மெல்ல இறங்கியது. அவ்வளவு அழகாக இறங்கியது. வாடல் நோயாம்.

"விதையை எதால வெட்டினீங்க?"

பாஸ்டர் சொன்னார்.

"எல்லாத்தையும் ஒரே கத்தியாலயா? நடுவுல நெருப்புல காட்டலையா?"

பாஸ்டர் இல்லையென்று தலையாட்டினார். அவர் தோட்டத்தில் நட்டது வெட்டாத கிழங்கு, அதனால் தப்பித்ததாம். ஊருக்கே நல்ல விதை இனி அது மட்டும்தான். "யாரையும் உள்ளே விடாதீங்க, செருப்பு மண்ணுல கூட வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார் ஆபீசர்.

பாஸ்டர் தோட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். "இப்பவே மணி அடிச்சு எல்லாரையும் கூப்பிடட்டுமா பாஸ்டர்?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை நானே சொல்லிர்றேன் தாத்தா. அதுவரைக்கும் யார்கிட்டயும் பேச வேண்டாம். எந்த வாயால சொல்றதுன்னு தெரியல."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 27

கயிற்றைப் பற்றித்தான் ஊர் முழுக்கப் பேச்சு. "இவ்வளவு நாள் இல்லாத கயிறு இப்ப எதுக்கு?" சாப்பிடும்போது மகனும் கேட்டான். வாய் வரை வந்தது. கொடுத்த வாக்கு... விழுங்கிவிட்டேன்.

மார்ச் 28

விடிந்ததும் கிணற்றடியில் மகன் கால் கழுவிக்கொண்டிருந்தான். முழங்கால் வரை சேறு. எங்கள் வயலிலும் சேறு, பாஸ்டர் தோட்டத்திலும் சேறு. எது எதுவென்று யாரால் சொல்ல முடியும்?

"எங்கடா போன?"

"நான் மட்டுமா போனேன்? எல்லாரும்தான். நாம படுறதை அவரும் கொஞ்சம் படட்டுமேப்பா. செடியப் பிடுங்கல. சும்மா மிதிச்சோம், அவ்வளவுதான்."

ஐயோ. பாவி, என்னடா பண்ணிட்ட. உன்னைச் சொல்லி என்ன. நேத்தே நான் வாயத் தொறந்திருக்கலாமே!

மார்ச் 29, ஞாயிறு

பாஸ்டர் சொன்னார். கத்தி, பழுப்புக் கிழங்கு, டம்ளரில் இறங்கிய பால் நூல், எல்லாம். "தப்பு என்னோடது. அந்தத் தோட்டத்துல இருக்கறது எனக்கில்ல. அடுத்த வருஷம் உங்க எல்லாருக்கும் விதை" என்றார். முந்தின நாள் மிதித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகன் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 6

தினமும் மதியம் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கிறேன். பச்சைதான்.

ஏப்ரல் 11

பச்சைதான். எனக்கு முன்னால் மகன் அங்கே நின்றிருந்தான். நான் வருவதைப் பார்த்ததும் வேறு வழியாகப் போய்விட்டான்.

ஏப்ரல் 14

மதியம். முதல் வரிசை தலையைத் தொங்கப் போட்டிருந்தது. பாஸ்டரம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். இன்று பாடம் வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 19

மிஞ்சியதைப் பிடுங்கி எரிக்க வேண்டும் என்று ஆபீசர் சொல்லியனுப்பியிருந்தார். பாஸ்டர் தனியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடாமலே மகன் போய் அடுத்த வரிசையில் குனிந்தான். தையல்காரரும் வந்தார்.

"தம்பி, சாக்கை அந்தப் பக்கம் பிடி" என்றார் பாஸ்டர்.

மகன் பிடித்தான். கோலிக்குண்டு அளவு கிழங்குகள் வேரோடு தொங்கின. புகை ஊர் மேல் நின்றது. பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பால் விலை என்று எதையெதையோ பேசினோம். அடுத்த வருஷம் விதை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.