அயிரைக்கு இரண்டு மாஸ்டர்கள்

மார்ச் 18, செவ்வாய்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பதாகவே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வழக்கமாகப் பாப்பா என்று தொடங்குவேன். இன்று அந்தச் சொல் கைக்கு வரவில்லை. கோபத்தில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவிவிடக்கூடாது என்பதால், என் குறைகளை முதலில் தேதிவாரியாக வைத்துவிடுகிறேன்.

1. பிப்ரவரி 26: என்னிடம் நீச்சல் பயிலும் ஒரு பெண்ணின் தந்தை, பல் டாக்டர், அவள் நீந்துவதைப் படம்பிடித்து உனக்கு அனுப்பினார். தண்ணீருக்குள் இடது முழங்கை தாழ்கிறது, கையை வேறு விதமாக இறக்க வேண்டும் என்று அன்றைக்கே பதில் அனுப்பினாய். அவளுக்குப் பயிற்சி தருகிறவன் உன் அப்பன் என்பது உனக்குத் தெரியாததல்ல.

2. மார்ச் 4: என்னிடம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் தங்களுக்குள் வைத்திருக்கும், நான் இல்லாத வாட்ஸப் குழுவில் சேர்ந்தாய். “நான் மாஸ்டர் பொண்ணுதான், எந்தச் சந்தேகம்னாலும் கூச்சப்படாம கேளுங்க” என்று எழுதினாய். அவர்களுக்குக் கூச்சம் என்பது என்றுமே இருந்ததில்லை.

3. மார்ச் 9: என்னோடு தொலைபேசியில் நெடுநேரம் பேசினாய். அம்மாவின் முழங்கால் வலி, மாப்பிள்ளையின் இருமல், உங்கள் குளியலறையில் ஒழுகும் குழாய் எல்லாம் பேச்சில் வந்தன. மேற்கண்ட இரண்டும் வரவில்லை.

4. மார்ச் 11: “மீட்டுக்கு முன்னாடியே சரி பண்ணிடலாம் டாக்டர், தினமும் சாயந்திரம் கொஞ்சம் தனியா நீந்த விடுங்க, அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்று அவரிடம் சொன்னாய். நீ என்னிடம் சொல்லவில்லை.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நீ பார்த்தது ஒரு முழங்கையை மட்டும். அவளுக்குப் பதின்மூன்று வயது. உடம்பு ஒல்லி, வாய் நீளம். பயிற்சியில் யார் முன்னால் போனாலும் சின்ன மீன்போல இடுக்கில் நுழைந்து முந்திவிடுவாள் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு அயிரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது அவள் அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தேர்வு மீட், அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. இருநூறு மீட்டரில் அவள் அணிக்குள் வருவாள் என்று நான் உறுதியாகச் சொல்வேன், அப்படி நான் எல்லோரையும் பற்றிச் சொல்வதில்லை. முழங்கை தாழ்வது எனக்கு நெடுநாளாகத் தெரியும். கை போடும் முறையை மாற்றினால் எந்தப் பிள்ளையும் முதலில் மெதுவாகிப் பிறகுதான் வேகம் பெறும் என்பதும் தெரியும். ஆகவே மீட் முடிந்த பிறகு தொடலாம் என்று அவள் அம்மாவிடம் விளக்கியிருந்தேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, “நீங்க சொன்னா சரி மாஸ்டர், என் வீட்டுக்காரருக்குத்தான் பல்லைப் பிடுங்கற மாதிரி எல்லாமே உடனே ஆகணும்” என்றார். அந்த அவசரக்காரர்தான் உன்னைத் தேடிப்பிடித்தார்.

மீட்டுக்கு முந்தைய இரண்டு வாரங்கள் என்னவென்று உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நீச்சல் வீரர்களின் அசைவை ஆராய்வதே உன் தொழில். மாதக்கணக்கில் கசக்கிப் பிழிந்த உடம்புக்கு வேலையைக் குறைத்து ஓய்வு கொடுக்கிறோம். அந்த நாட்களில் பிள்ளைகள் குளத்தில் பாதி நேரம் குதித்து விளையாடும், மேலே கேலரியில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் பொறுமையிழப்பார்கள். “மீட் நெருங்குது, பசங்க என்னடான்னா தண்ணிய வாரி இறைச்சு விளையாடுது, மாஸ்டருக்கு வயசாயிடுச்சா?” என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். ஆயிடுச்சு சார், அதனாலதான் எப்ப நிறுத்தணும்னு தெரியுது என்றேன். அவரும் சிரித்துவிட்டார். சனிக்கிழமைதோறும் பயிற்சி முடிந்ததும் செருப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் நின்று, கடைசிப் பெற்றோர் கிளம்பும்வரை கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேனே, அது இந்த இரண்டு வாரங்களுக்காகத்தான். ஆண்டு முழுவதும் பேசி வைத்த நம்பிக்கையை இப்போதுதான் செலவழிக்கிறேன். அவர்களை மேலே உட்காரச் சொல்வதும் தொந்தரவு என்று எண்ணி அல்ல. மூச்சுக்குத் தலை தூக்கும் பிள்ளை கரையில் ஒரே ஒரு முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நீ இரண்டாவது முகமாய் வந்தாய். டாக்டர் அன்றாடம் மாலை கிளினிக்கைப் பாதியில் மூடிவிட்டு, நண்பர் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக் குளத்துக்கு மகளைக் கூட்டிப்போயிருக்கிறார். நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும் குளம் அது. பாலிஷ் போட்ட ஷூவோடு கரையில் நின்று, நீ அனுப்பிய குறிப்புகளைப் போனில் பார்த்துப் பார்த்து உரக்க வாசித்திருக்கிறார். மாஸ்டரிடம் மூச்சுவிடக் கூடாது என்றும் மகளுக்குச் சொல்லியிருக்கிறார். இது எதுவும் அறியாமல், காலையில் கல்லைக் கட்டிவிட்டதுபோல் நீந்தும் பெண்ணைப் பார்த்து உடம்பு சரியில்லை என்று நினைத்து நான் வேலையை இன்னும் குறைத்தேன். குறைக்கக் குறைக்க அவள் மெதுவானாள், பயந்தாள். சனிக்கிழமை பாதி வழியில் பாதை பிரிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நேற்றுதான், எல்லோரும் போன பிறகு துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து, “ஒண்ணு சொன்னா திட்டமாட்டீங்களே மாஸ்டர்?” என்று ஆரம்பித்தாள். இத்தனை நாளும் அந்தக் குழந்தை என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிக்கொண்டு தவித்திருக்கிறது. பொய் சொல்ல வைத்ததில் உனக்கும் பங்குண்டு.

நேற்றே டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினேன். சண்டைக்குத் தயாராக வந்தவர், நான் நாற்காலியை இழுத்துப் போட்டதும் இறங்கிவிட்டார். “உங்க பொண்ணு சொன்னாங்கன்னுதான் சார் செஞ்சேன். வேற யாராவது சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனா? உங்க வீட்டுப் பேச்சுதானேன்னு நினைச்சேன்” என்று, போனில் உன் செய்திகளையெல்லாம் தேதியோடு காட்டினார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை, மகளே. பயப்படுகிற பெற்றோருக்கு ஒரு வேலை கொடுத்தால் பயம் பாதியாகும். ஞாயிற்றுக்கிழமை அவரை நேரம் குறிப்பவராகப் போட்டிருக்கிறேன், மகள் நீந்தும் பாதையைத் தவிர வேறு பாதைக்கு. “என் பொண்ணை நான் பாக்க வேணாமா சார்?” என்று சிணுங்கினார். கையில ஸ்டாப்வாட்ச் இருந்தா வாய் சும்மா இருக்கும் டாக்டர் என்றேன். ஒப்புக்கொண்டார்.

உன் அம்மா உன் கட்சி. “அவ நல்லதுக்குத்தானே சொல்லியிருப்பா, அதுக்காக இப்படி மூஞ்சியை உர்ருனு வச்சுக்கிட்டு உக்காந்தா எனக்குச் சாப்பாடே இறங்கமாட்டேங்குது” என்கிறாள். அவளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: உன் கண் தவறவில்லை, நீ சொன்ன திருத்தமும் சரி. தவறான யோசனையாக இருந்திருந்தால் சனிக்கிழமைப் பேச்சில் பெற்றோரிடம் ஒரே வரியில் தள்ளிவிட்டிருப்பேன். சரியான யோசனையை ஆகாத நேரத்தில், ஆகாத வழியாக அனுப்பியதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. குழாய் ஒழுகினால் மாப்பிள்ளை கைவைக்க வேண்டாம், பிளம்பரைக் கூப்பிடலாம் என்று சொல்லத் தெரிந்த உனக்கு, ஒரு போன் போட்டு, அப்பா, இதை இப்போது தொடலாமா என்று கேட்கத் தெரியவில்லை.

இப்போது நிலைமை இதுதான். “அக்கா சொன்ன மாதிரி கை போட்டா நீங்க கோச்சுக்குவீங்க, நீங்க சொன்ன மாதிரி போட்டா அப்பா மேலேருந்து கையை ஆட்டுவாரு. நான் வரலை மாஸ்டர், பேரை எடுத்துடுங்க” என்கிறாள் அயிரை. பெயரை விலக்கிக்கொள்ள வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை அவகாசம் இருக்கிறது. ஞாயிறு வரை ஓய்வெடுத்தால் அவள் உடம்பு தேறிவிடும், அதில் எனக்கு ஐயமே இல்லை. உடம்பை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் அக்கா சொன்னதை மறந்துவிடு என்று நான் சொன்னால், எங்கள் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடு என்று அந்தக் குழந்தையிடம் சொல்வதாகும். அவள் காதுக்குள் நீ வைத்த குரலை நீதான் எடுக்க முடியும்.

எனவே மூன்று கடிதங்கள் வேண்டும். ஒன்று அயிரைக்கு, உன் கையெழுத்தில். படமெடுத்து அவள் அம்மாவின் போனுக்கு அனுப்பு. முழங்கை தாழ்வதை மறுத்து எழுதாதே, கெட்டிக்காரி, உடனே கண்டுபிடித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பழைய மாதிரியே நீந்து, பிறகு மாஸ்டர் சரிசெய்வார், அவரைக் கேட்காமல் நான் சொன்னது தப்பு என்று எழுது. இரண்டாவது டாக்டருக்கு, அதே செய்தி. மூன்றாவது எனக்கு: மேலே உள்ள நான்கில் எதை ஒப்புக்கொள்கிறாய், எதை மறுக்கிறாய் என்று எண் வாரியாக. தொலைபேசியில் அழைக்காதே. நீ அழுதால் நான் இளகிவிடுவேன், இந்த வாரம் எனக்கு அதற்கு நேரமில்லை.

மாப்பிள்ளையின் இருமலைச் சும்மா விடாமல் அங்கே ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் கண்விழித்து வேலை பார்ப்பதைக் குறைத்துக்கொள். உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்ற ஆசியில் குறைவில்லை. அம்மாவின் ஆசியும் இதில் அடக்கம்.

மூன்று கடிதங்களும் வியாழன் இரவு ஒன்பது மணிக்குள் எழுத்தில் வந்தாக வேண்டும். வராவிட்டால், வெள்ளிக்கிழமை மாலை அவள் பெயரை என் கையாலேயே அடித்துவிட்டு வருவேன். ஏன் என்று அவள் ஒருநாள் கேட்பாள். உள்ளதைச் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா