ராசிக்கல் மோதிரமும் லேசரும்

திருவனந்தபுரம்

அப்பாவுக்கு திவ்யாவின் நமஸ்காரம். மூச்சிரைப்பு குறைந்ததா? நான் சுகம்.

ஒளி பட்டு மூலக்கூறு உடையும்போது, எந்த இடத்தில் உடைய வேண்டும் என்பதை வலுவான லேசரால் மாற்றிப் பார்க்கிறோம் என்றேனே, அங்கே ஒரு சின்ன விஷயம். ஆய்வகத்துக்குள் நகை கூடாது. கழற்றவே கூடாதென்று நீங்கள் போட்டுவிட்ட ராசிக்கல் மோதிரத்தோடு போய்விட்டேன். லேசர் அதில் பட்டுத் திரும்பிவிட்டது. “பேடிக்கண்டா சேச்சி” என்று தைரியம் சொல்லி ஜூனியர் ஆர்யாதான் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சும்மா பரிசோதனைக்குத்தான். சரியாகிவிடும் என்றார்கள்.

மோதிரம் சாமி படத்தருகே இருக்கிறது, கோபப்படாதீர்கள். அம்மாவிடம் நாரத்தங்காய் ஊறுகாய் கேட்டதாகச் சொல்லுங்கள், வேறெதுவும் சொல்ல வேண்டாம். ஆர்யா இன்றும் வாசலில் ஆட்டோவோடு நிற்கிறாள்.

அடுத்த கடிதத்தை மட்டும் உங்கள் பொடி எழுத்தில் எழுதாமல், கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள் அப்பா. ஹாஸ்டலில் வெளிச்சம் போதவில்லை.

திவ்யா