குழாயைச் சரிசெய்தபின் முதல் தண்ணீரை வெளியே விடாதது குறித்து

அனுப்புநர்:
ஆற்றோர வார்டு உறுப்பினர்,
நகர்மன்றம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: குடிநீர் வழங்கலைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்த ஒப்பந்தத்தில், நானே கேட்டுச் சேர்த்த அபராத விதியை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முன்பெல்லாம் உடைந்த குழாயைச் சரிசெய்ததும், நகராட்சி ஆட்கள் தெருக்கோடி வால்வைத் திறந்து, உள்ளே புகுந்த சேறும் சாக்கடையும் போகும்வரை தண்ணீரை வெளியே விடுவார்கள். தெளிந்த பிறகுதான் வீடுகளுக்குத் திருப்புவார்கள். இது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. அவர்களது வழக்கம், அவ்வளவுதான்.

2. தனியாருக்குக் கொடுக்கும் தீர்மானம் மன்றத்துக்கு வந்தபோது எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. கை தூக்கினால் அடுத்த தேர்தலிலும் உனக்குத்தான் சீட்டு என்று கட்சியில் சொன்னார்கள். தூக்கினேன். வார்டு மக்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயத்தில், வீணாகும் ஒவ்வொரு சொட்டுக்கும் நிறுவனத்துக்கு அபராதம் போட வேண்டும் என்று எழுந்து முழங்கினேன். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்வையாளர் வரிசையில் நிறுவன மேலாளரும் சிரித்தபடி தலையாட்டினார். அதைப் பார்த்தாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

3. வெளியே விட்டால் அபராதம் என்று காரணம் காட்டி, நிறுவனம் இப்போது அந்த முதல் தண்ணீரை நேரே வீடுகளுக்கு விடுகிறது. சென்ற மாதம் என் அக்கா குடியிருக்கும் தெருவில் குழாய் உடைந்து ஒட்டுப் போட்டார்கள். தண்ணீர் கலங்கலாக, நாற்றத்தோடு வருகிறது என்று அக்கா போன் செய்தார். "ஒண்ணும் ஆகாதுக்கா, வடிகட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு ஒரு திறப்பு விழாவுக்குப் போய்விட்டேன்.

4. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து அந்தத் தண்ணீரைக் குடித்த அக்கா மகள், நிறைமாதக் கர்ப்பிணி, இன்று மஞ்சள் காமாலையில் மருத்துவமனையில் கிடக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு இது உயிருக்கே ஆபத்து என்கிறார் மருத்துவர். நான் தூக்கி வளர்த்த பெண் அவள்.

5. நிறுவனத்துக்குப் போனேன். மேலாளர் உட்காரவைத்து, குளிர்ந்த பாட்டில் தண்ணீர் கொடுத்து, "நீங்க போட்ட விதியைத்தான் சார் நாங்க மதிக்கிறோம்" என்றார். அந்தத் தண்ணீரை நானும் மடமடவென்று குடித்தேன், வெட்கக்கேடு. குழாய் நகராட்சியின் சொத்து, புகாரை அங்கே கொடுங்கள் என்றும் சொன்னார். தங்கள் அலுவலகப் பொறியாளரோ, பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு என்று கையை விரித்துவிட்டார். ஒப்பந்தத்தை நான் இப்போதுதான் முழுதாகப் படித்தேன். யார் பொறுப்பு என்று அதில் எங்கும் இல்லை.

6. ஆகவே, மேற்படி விதியை நீக்கி, முதல் தண்ணீரை வெளியேற்றும் வழக்கத்தை உடனே நடைமுறைக்குக் கொண்டுவர உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். விசாரணை வைத்தால், எதற்காகக் கை தூக்கினேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். சீட்டு போனால் போகட்டும்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நேற்று மருத்துவமனை வராந்தாவில், "பிழைச்சு வந்தா, தாயையும் பிள்ளையையும் எந்த வீட்டுக்குடா கூட்டிட்டுப் போகட்டும்?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதைத் தாங்கள் எழுத்துமூலம் தெரிவித்தால், அவர் எதிரில் நின்று நானே படித்துக் காட்டுகிறேன்.

இடம்: அரசு மருத்துவமனை, மகப்பேறு பிரிவு வராந்தா
நாள்: 9.6.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஆற்றோர வார்டு உறுப்பினர்